சூடு ஏறாத வீடு

ஜனவரி 22, வியாழன்

மழை இல்லை, வெறும் குளிர். யன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிகிறது. துடைத்தால் மறுபடி வழிகிறது.

இன்று: இவருடைய மருந்து எடுக்க. கீரை கிடைத்தால் கீரை. கையுறைப் பெட்டி முடிந்ததென்று கவுன்சிலுக்குப் போன். சுதனுக்குப் போன், பொய்லர் விஷயம்.

கடைசியாக எழுதியதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். விடிய எழும்பினால் வீடு மீன்கடைக் குளிர்ப்பெட்டி மாதிரி. ரேடியேட்டரில் கை வைத்தேன், கல். ஆனால் முன்னறை மேசையில் நிற்கிற வெள்ளைச் சாமான், சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட், தீச்சுவாலை ஒன்றைப் படம் போட்டுக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எரிகிறதாம். எங்கே எரிகிறது என்று அதற்குத்தான் வெளிச்சம்.

மகன் கார்த்திகையில் ஆள் பிடித்துப் பூட்டுவித்தது. பழையது சுவரில் வயரோடு இருந்தது, தன் பாட்டில் வேலை செய்தது. "இது வயர் இல்லாததம்மா. எங்கயும் தூக்கி வைக்கலாம். நான் கிங்ஸ்பரியில இருந்தே போனில பாப்பன்" என்றான் சுதன். குசினியில், வீடு முழுதுக்கும் சூடு அனுப்புகிற பொய்லர் இருக்கிற அலமாரிக்குள் ஒரு சின்னப் பெட்டி, முன்னறையில் இது, இரண்டும் காற்றில் கதைத்துக்கொள்ளுமாம். மார்கழி முழுதும் கதைத்தன. பொங்கலுக்குப் பிறகு ஏதோ மனத்தாங்கல். ஒருநாள் கதை, மூன்று நாள் மௌனம்.

ஜெர்மனியில் இருந்த காலம் முழுதும் ரேடியேட்டரில் ஒரு குமிழ். இந்தப் பக்கம் திருகினால் சூடு, அந்தப் பக்கம் திருகினால் இல்லை. இதற்கு மேல் மனிதருக்கு என்ன தேவை?

முதுகு நோவு இன்னும் விடவில்லை. பொங்கலுக்குக் குசினி துப்புரவாக்கியது. அடுப்படியில் எண்ணெய் படிகிற இடமெல்லாம் பழைய அலுமினிய ஃபொயில் தாளைக் கிழித்துப் புதிது ஒட்டினேன், இந்த முறை ஒரு மூலை விடவில்லை. உங்களுக்கு ஏன் மாமி இந்த வயதில் இந்த வேலை என்று மருமகள் கேட்டாள். அவள் வீட்டிலும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது, அது வேறு கதை.

கீரை இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

கிரேஸ் வந்தாள். கவுன்சில் அனுப்புகிற பெண், காலையில் இவரைத் துடைத்து உடுப்பு மாற்றிவிட. கானாக்காரி. நல்ல பிள்ளை, சத்தம்தான் கொஞ்சம் கூட. என்னை மம்மி என்பாள். இன்றைக்குக் கோட்டைக் கழற்றாமலே வேலை. மம்மி, இந்த அறைக்குள் ஒரு மனிதனின் சட்டையை எப்படிக் கழற்றுவேன் என்றாள்.

இவரைக் கேட்டாள், குளிர்கிறதா என்று.

"ஓம்."

இல்லைத்தானே, பரவாயில்லைத்தானே?

"ஓம்."

பாரிசவாதம் அடித்து இது இரண்டாவது குளிர்காலம். வலது கை, வலது கால் போயின. பேச்சில் மிஞ்சியது இந்த ஒரு சொல். நோகுதோ, ஓம். பசிக்குதோ, ஓம். பசிக்கேல்லையோ, ஓம். முந்தி எதற்கும் லேசில் ஒத்துக்கொள்ளாத மனிதர். சங்கக் கூட்டத்தில் மேசையில் குத்துவார், வீட்டில் கறிச்சட்டியில் பிழை பிடிப்பார். இப்போது உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் சம்மதம்.

அதனால் குளிர்கிறதா என்பதை நான் காலைத் தொட்டுத்தான் அறிகிறேன். இன்று காலையில் பாதம் இரண்டும் நீலம்.

சின்ன ஹீட்டரை அறைக்குள் வைத்தேன். அதையும் மெத்தைக்குக் காற்றடிக்கிற மெஷினையும் சேர்த்துப் போட்டால் பியூஸ் போகிறது. காற்று நின்றால் மெத்தை சப்பளிந்து முதுகில் புண் வரும். குளிரா, புண்ணா. நல்ல தெரிவு.

போகும்போது கிரேஸ், அறை குளிர் என்று ஒஃபிசுக்குச் சொல்ல வேண்டியது தன் கடமை என்றாள். சொல்லு, உள்ளதைத்தானே சொல்லப் போகிறாய் என்றேன். ஆனால் அதைக் கேட்டு இவரை எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

ஜனவரி 25, ஞாயிறு

சுதன் வந்தான். தனியே. பிள்ளைகளுக்குத் தடிமனாம்.

"எங்க, குளிருது எண்டு சொன்னியள்?"

"தொட்டுப் பார்."

ரேடியேட்டரைத் தொட்டான். போனை எடுத்துப் பார்த்தான். "இதில எரியுது எண்டுதானே காட்டுது."

"அப்ப போனுக்குக் கிட்ட இருந்து குளிர் காய்."

குசினிக்குப் போய் அலமாரியைத் திறந்தான். பெட்டியில் சிவப்பு விளக்கு. அதையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் டிக் என்றது. விளக்கு பச்சை. பொய்லர் பும் என்று பிடித்தது. எனக்குச் சீ என்று போய்விட்டது.

"வேலை செய்யுதுதானே அம்மா."

"உன்னைக் கண்டவுடன செய்யுது."

"பக்கத்தில சுவிட்ச் ஒண்டு இருக்கு. நீங்கள் படுக்கப் போகேக்க எல்லாச் சுவிட்சையும் ஓவ் பண்ணிற ஆள். அதையும் பண்ணியிருப்பியள்."

எல்லாச் சுவிட்சையும் அணைப்பது உண்மை. ரிவி, கேத்தல், மைக்ரோவேவ். ஆனால் அதைத் தொடவில்லை. ஏலாத மனிதர் படுத்திருக்கிற வீட்டில் தொடுவேனா?

"நான் தொடேல்லை, தம்பி."

"சரி சரி" என்றான். சரி என்று ஒரு தடவை சொன்னால் நம்புகிறான். இரண்டு தடவை சொன்னால் இல்லை. பெற்றவளுக்குத் தெரியும்.

சாப்பிட்டான், அப்பாவுக்கு நகம் வெட்டினான், போனான். அவன் இருந்தவரைக்கும் வீடு இளஞ்சூடு. வீட்டுக்கு வந்திட்டன் என்று போன் எடுக்கும்போது இங்கே ரேடியேட்டர் ஆறிக்கொண்டிருந்தது. சொன்னேன்.

"எரியுது எண்டு இருக்கம்மா."

ஜனவரி 27, செவ்வாய்

தெர்மோஸ்டாட் பூட்டின ஆளே வந்தான். ரஞ்சன். பிரான்சிலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கே பொய்லர் வேலை. மரியாதையான பொடியன், சப்பாத்தை வாசலிலே கழற்றினான். அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு பற்றறி மாற்றினான், எதையோ அமத்தினான், ஒரு மணித்தியாலம் பார்த்தான். அவ்வளவு நேரமும் பச்சை விளக்கு. பத்தினி மாதிரி.

"ஒரு பிழையும் இல்லை அன்ரி. புதுச் சாமான்."

"நீ போன பிறகுதான் தம்பி பிழை வரும்."

சிரித்தான். தேத்தண்ணீர் குடித்தான். அலமாரியைச் சாத்தினான். போனான். பின்னேரம் வீடு பழையபடி.

அழுகை வரவில்லை. எரிச்சல்தான்.

ஜனவரி 28, புதன்

ஒன்று கண்டுபிடித்தேன். அலமாரியைத் திறந்து நின்று பேசினால் எரிகிறது.

காலையில் தாங்க முடியாமல் திறந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நாசமாய்ப் போவாய், உள்ளுக்க ஒரு மனிசன் கிடந்து நடுங்குது, உனக்கு என்ன கேடு என்று. சொல்லி முடியவில்லை, டிக், பச்சை. திரும்பிப் பார்த்தால் கிரேஸ் கதவடியில் துவாயோடு நிற்கிறாள். துவாயை மடித்துக்கொண்டு இவரிடம் போனாள்.

சாத்தினேன். அந்தக் கதவு திறந்து கிடந்தால் அடுப்படியில் நிற்க இடமில்லை. மத்தியானம் மறுபடி குளிர். மறுபடி பேசினேன். மறுபடி எரிந்தது. எனக்கே சிரிப்பு. இவரிடம் சொன்னேன், "பொய்லருக்கு என்ர வாய்க்குத்தான் பயம், உங்களுக்கு எப்பவும் இருந்ததில்லை."

"ஓம்."

ஜனவரி 30, வெள்ளி

மழை. பஸ்ஸில் பின்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள்: "அவ நல்லாத்தான் இருந்தவ, பிறகு கதவைப் பூட்ட மறந்து, அடுப்பை நிப்பாட்ட மறந்து..." யாரைப் பற்றியோ. நான் இறங்க வேண்டிய தரிப்பில் இறங்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்து விட்டேன். மழைக்குள் திரும்பி நடை.

போன இரவு பொய்லர்ச் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, டேப்பிலும் சுவரிலும் சேர்த்துப் பேனாவால் கோடு இழுத்தேன். தொட்டால் கோடு விலகும். விடியக் கோடு அப்படியே. வீடு ஐஸ். சுதனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பெரிய துப்பறிவாளர் என்று நினைப்பு.

போன் எடுத்தான். "அம்மா, ஒட்டினது நீங்கள்தானே. கழட்டி நிப்பாட்டிப்போட்டுத் திருப்பி ஒட்டினது ஞாபகம் இல்லாமல் இருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அதுதான் பயமாக இருந்தது. கோபித்தால் நான் அவனுக்குத் தாய்.

பிறகு: "இண்டைக்கு என்ன கிழமை அம்மா?"

"வெள்ளி. நாளைக்குச் சனி. போன வெள்ளி என்ன கறி வைச்சனான் எண்டும் சொல்லட்டோ?"

"சும்மாதான் கேட்டனான்."

சும்மா கேட்கவில்லை. கிரேஸ் சொல்லியிருக்கிறாள், நான் பொய்லரோடு கதைக்கிறேன் என்று. கெட்ட எண்ணத்தில் இல்லை, கவலையில். டொக்டரிடம் எனக்கு ஞாபகப் பரிசோதனைக்கு நாள் கேட்டிருக்கிறானாம். எனக்கு.

பெப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். கோயிலுக்குப் போகவில்லை. அவ்வளவு நேரம் இவரைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது.

சுதனும் மருமகளும் வந்தார்கள். வந்தவுடன் சுதன் அலமாரியைத் திறந்து பார்த்தான். வழக்கம்போல அவனுக்கு எரிந்தது. இந்த முறை பாருங்கோ என்று கூடச் சொல்லவில்லை.

நான் இவருக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருக்கும்போது குசினியில் அவர்கள் இரண்டு பேரும்.

அவள்: "மாமியையும் பாக்கோணுமப்பா. அவவுக்கும் ஏலாது."

அவன்: "அப்பாவை ஒரு வயோதிபர் ஹோமில விட்டால் அம்மாவை எங்களோட கூட்டிக்கொண்டு போகலாம். இஞ்ச தனிய விட ஏலாது. அவ பொய்லரை நிப்பாட்டிப்போட்டு மறந்துபோறா. நாளைக்கு காஸை மறப்பா."

கரண்டி கையில் நின்றுவிட்டது. இவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கேட்டிருப்பார். காதில் ஒரு குறையும் இல்லை.

குசினிக்குள் போனேன். "உன்ர அப்பா இந்த வீட்டை விட்டுப் போகார்" என்றேன். "இந்தக் கட்டிலை இஞ்ச கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவரைப் பாக்க எனக்கு ஏலும்."

"ஆர் ஏலாது எண்டது?" என்றான்.

மருமகள் கோப்பை கழுவத் தொடங்கினாள். சோறு போட்டேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

பெப்ரவரி 3, செவ்வாய்

உண்மையாக மறந்தவை, ஒளிக்காமல்:
கறிக்கு உப்பு, போன கிழமை.
கிரேஸின் பெயர், ஒரு நாள் காலை, கொஞ்ச நேரம்.
வங்கி அட்டையின் இலக்கம்.
சுதனின் இரண்டாவது மகளுடைய பிறந்த நாள். அது முன்பும் மறந்ததுதான்.

சுவிட்ச் அதில் இல்லை. ஆனால் மறந்தது என்றால் அது எப்படி நினைவில் இருக்கும்? இதை யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது. நித்திரையில் எழும்பிப் போய் அணைக்கிறேனோ? இவ்வளவு பேர் சொல்லும்போது நான் ஒருத்தி மட்டும் சரியாக இருக்க முடியுமா? ரஞ்சன் சொல்கிறான் பிழையில்லை. போன் சொல்கிறது எரிகிறது. சுதன் படித்தவன். எல்லோரும் ஒரு பக்கம், நானும் இவருடைய நீலப் பாதங்களும் மறுபக்கம்.

கம்பளிக் காலுறை இரண்டு சோடி போட்டுவிட்டேன். சுடுதண்ணீர்ப் போத்தல். இவர் இருமுகிறார்.

பெப்ரவரி 5, வியாழன்

அம்புலன்ஸ்.

காலையில் கிரேஸ்தான் பார்த்தாள். நானும் பார்த்தேன், ஆனால் நித்திரை என்று நினைத்தேன். உதடு சாம்பல் நிறம், மூச்சு சளசள. அவள் கோட்டைக் கழற்றி இவர் மேல் போட்டுவிட்டுப் போன் அடித்தாள். வந்தவர்களில் ஒருத்தி அறையைச் சுற்றிப் பார்த்து, இங்கே எப்போதும் இவ்வளவு குளிரா என்று கேட்டாள்.

எரியுது எண்டு போனில காட்டுது என்று சொல்ல வாய் வந்தது. இவருடைய காலுறையை இழுத்துவிட்டேன்.

நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா.

பெப்ரவரி 8, ஞாயிறு

ஆஸ்பத்திரி வெக்கை. வார்டில் எல்லோரும் கையில்லாத சட்டை. இவருக்கு மூக்கில் குழாய். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

சோஷியல் வேர்க்கர் வந்தாள். இளம் பெண், கழுத்தில் அட்டை, நல்ல விதமாகத்தான் கதைத்தாள். சூடில்லாத வீட்டுக்கு இவரை அனுப்ப முடியாதாம். ஒரு ஹோமில் இடம் இருக்கிறது, முதலில் சில கிழமைகள், பிறகு பார்க்கலாம். பிறகு பார்க்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

இவருடைய விருப்பத்தையும் கேட்க வேண்டியது முறையாம். குனிந்து கேட்டாள், வீட்டுக்குப் போக விருப்பமா?

"ஓம்."

பார்த்தியோ என்று பக்கத்தில் நின்ற சுதனைப் பார்த்தேன்.

ஹோமில் கொஞ்ச நாள் இருக்க விருப்பமா?

"ஓம்."

அவள் என்னைப் பார்த்தாள், சுதனைப் பார்த்தாள். சுதன் தரையைப் பார்த்தான். இவர் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு, ஒரு நல்ல காரியம் செய்து முடித்த மாதிரி இருந்தார்.

வெளியே வந்து அழுதேன். தேநீர் மெஷினுக்குப் பக்கத்தில்.

பெப்ரவரி 10, செவ்வாய்

ஒரு புதினம். விடிய வீடு சூடு.

நேற்று மத்தியானம் கடைக்காரப் பொடியன் அரிசி மூட்டை கொண்டுவந்தான். முன்பே சொல்லி வைத்தது, இவர் ஆஸ்பத்திரியில், இப்போது வேண்டாம் என்று சொல்ல மறந்தேன். (இதையும் மறந்தவையில் சேர்க்க.) குசினிக்குள் வை என்றேன். அவன் பொய்லர் அலமாரிக்குள்ளே பாதி தள்ளிவிட்டுப் போய்விட்டான். கதவு சாத்தவில்லை. எனக்குத் தூக்க ஏலாது, விட்டுவிட்டேன். யாருக்குச் சமைக்க இனி, அடுப்படியில் இடம் இல்லாவிட்டால் என்ன என்று.

இரவு முழுதும் எரிந்திருக்கிறது. ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை. கட்டில் காலியாக இருக்கும்போது எரிகிறது. அதைப் பார்த்து, இந்த முறை பேச ஒரு சொல்லும் வரவில்லை.

பெப்ரவரி 11, புதன்

நேற்றுப் பின்னேரம் மூட்டையை இழுத்து இழுத்து வெளியே எடுத்தேன், கதவைச் சாத்தினேன். இன்று வீடு குளிர்.

அப்போதுதான் மூளையில் ஏதோ தட்டியது. திறந்தேன். ஒரு சொல் பேசவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். டிக். பச்சை. சாத்தினேன், ஒரு சமையல் முடியட்டும் என்று இருந்து திறந்தேன். சிவப்பு. கொஞ்சம் பொறுத்தேன். பச்சை. என் வாய்க்குப் பயந்தல்ல. கதவு.

ரஞ்சனுக்குப் போன். கதவு திறந்தால் எரியுது, சாத்தினால் நிக்குது என்றேன்.

"சாத்திறதால என்ன அன்ரி, பலகைக் கதவுதானே. சிக்னல் போகும்." பிறகு கொஞ்சம் இழுத்து: "உள்ளுக்க வேற ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

"ஒண்டுமில்லை. சுத்திவர ஃபொயில் ஒட்டியிருக்கு. கதவிலயும்."

ஃபொயிலோ, கதவிலயுமோ என்று கேட்டான். ஓம் என்றேன்.

"ஐயோ அன்ரி" என்றான். "நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தனான். எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் ஒட்டியிருக்கு, அதால கண்ணில படேல்லை. ஃபொயிலுக்குள்ளால சிக்னல் போகாது. ஒரு வெள்ளைக்காரன் வந்திருந்தா முதல் வேலையா, உது ஏன் ஒட்டினனீங்கள் எண்டு கேட்டிருப்பான்."

பொங்கலுக்கு மிச்சமிருந்த தாளை வீணாக்காமல் அந்த அலமாரிக்குள்ளும் ஒட்டினேன். உள் சுவர், மேல் தட்டு, கதவின் உள்பக்கம். வடிவாக, சுருக்கம் விழாமல். அடுப்புக்குப் பக்கம், எண்ணெய் படியும் என்று.

எல்லாவற்றையும் கிழித்தேன். நகத்துக்குள் வெட்டி இரத்தம். கதவைச் சாத்தினேன். சாத்திய கதவுக்குப் பின்னால் டிக் என்றது. கேட்டுக்கொண்டே கதிரையில் இருந்தேன்.

எனக்கு மூளையில் பிழையில்லை. அந்த மனிதரைக் குளிரில் போட்டதும் நான்தான். இரண்டும் ஒரே தாளில்.

பெப்ரவரி 12, வியாழன்

போனில் சொன்னதைக் கேட்டுச் சுதன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். கிழித்த தாள் கறுப்புப் பையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தான். நான் திட்டுவான் என்று இருந்தேன், அல்லது சிரிப்பான் என்று.

"எங்கட குசினியிலயும் இருக்கம்மா" என்றான். "நான் இந்த அலமாரியை எத்தினை தரம் திறந்தனான்."

பிறகு: "டொக்டரிட்டக் கேட்ட நாளை வேண்டாமெண்டு சொல்லுறன்."

"சொல்லு."

மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. எனக்குத் தேத்தண்ணீர் அவன் போட்டான். சீனி கூடிவிட்டது. குடித்தேன்.

சோஷியல் வேர்க்கருக்கு என் முன்னாலேயே போன் பண்ணினான். வீடு சரி, அப்பாவை வீட்டுக்கு விடுங்கள் என்று. அவள் சந்தோஷப்பட்டாளாம். ஆனால் ஹோமில் இடம் ஒதுக்கியாகிவிட்டது, வண்டியும் சொல்லியாகிவிட்டது, நாளைக்கு. வீட்டுக்கு என்றால் எல்லாம் முதலிலிருந்து. இப்போதைக்கு அங்கே இருக்கட்டும் என்றாளாம்.

பெப்ரவரி 13, வெள்ளி

போய்விட்டார். வண்டியில் ஏற்றும்போது நான் பக்கத்தில். எங்கே போறோம் தெரியுமோ என்று கேட்கவில்லை. ஓம் என்பார்.

பெப்ரவரி 16, திங்கள்

இரண்டு பஸ் மாறி ஹோமுக்கு. உள்ளே போனவுடன் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிற அளவுக்குச் சூடு. சலவைத்தூள் மணம், அதற்குக் கீழே மூத்திர மணம். எல்லோரும் ரிவியைச் சுற்றி. இவர் யன்னலோரம், சவரம் செய்த முகம், யாரோ இடப்பக்கம் தலை வாரி விட்டிருக்கிறார்கள். வலப்பக்கம்தான் வாருவது.

கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. இந்தக் குளிர்காலம் முழுதும் நான் தொட்ட கை இது இல்லை. காலுறையைக் கழற்றிப் பாதம் பார்த்தேன். றோஸ் நிறம், குழந்தைப் பாதம் மாதிரி. பார்க்கச் சந்தோஷம் வரவேண்டும். காலுறையைத் திரும்ப மாட்டிவிட்டேன். இதை நான் செய்திருக்க வேண்டும்.

கம்பளி உடுப்பெல்லாம் கொண்டுபோனேன், ஒவ்வொன்றிலும் பெயர் தைத்து. இங்கே தேவைப்படாது, வியர்த்துவிடும் என்று பையோடு திருப்பித் தந்தார்கள்.

வெளிக்கிடும்போது கையசைத்தேன். ரிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 17, செவ்வாய்

நித்திரை கொண்டேன். ஒரே நித்திரை. எழும்பும்போது வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம், நன்றாக விடிந்துவிட்டது. இவரைப் புரட்டிவிட எழும்பவில்லை, இருமல் கேட்கவில்லை, மெத்தை மெஷின் உறுமவில்லை. உடம்பு முழுதும் லேசாக, யாரோ அடித்துப் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி.

வெட்கம். இதை ஒருவருக்கும் சொல்ல முடியாது. இதில் எழுதியாயிற்று.

பெப்ரவரி 19, வியாழன்

கிரேஸ் வழியில் எட்டிப் பார்த்தாள், வேலைக்கு அல்ல. முன்னறையில் நின்று கோட்டைக் கழற்றினாள். மம்மி, ஆபிரிக்கா மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். சோறு கொடுத்தேன். இருவரும் கட்டில் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டோம்.

இன்று ஹோமுக்குப் போகவில்லை. மழை என்று. பெரிய மழை இல்லை.

பெப்ரவரி 22, ஞாயிறு

வெயில் மாதிரி ஒன்று, காலையில் கொஞ்ச நேரம். கீரை கிடைத்தது. இறால் வறை, கத்தரிக்காய்ப் பால்கறி.

சுதன் வந்தான். வரும்போதே முகத்தில் வெளிச்சம். சாப்பிட்டு முடியும்வரை அடக்கி வைத்திருந்தான். பிறகு சொன்னான்.

"எல்லாம் கதைச்சிட்டன் அம்மா. வீடு சரி எண்டு அவையள் ஒத்துக்கொண்டிட்டினம். கிரேஸும் திருப்பி வருவா. நாங்கள் கேட்டால் வாற கிழமையே அப்பாவை அனுப்புவினம். கட்டிலும் இஞ்சதானே கிடக்கு." கொஞ்சம் பொறுத்து, "நான் உங்களை நம்பியிருக்கோணும்" என்றான். "கேட்பமோ அம்மா?"

நான் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். இதற்குத்தானே இவ்வளவு நாளும் இவனோடு மல்லுக்கட்டினேன். நாளைக்கே கேள் என்று வாயில் வந்திருக்க வேண்டும். புரட்டுவது, துடைப்பது, தீத்துவது, அந்த மெஷின், அந்த ஓம். தண்ணீரை நிற்பாட்டாமல் அதே சட்டியைத் திரும்பவும் தேய்த்தேன்.

"குளிர் கொஞ்சம் போகட்டும், தம்பி" என்றேன். "பிறகு கேட்பம்."

திரும்பிப் பார்த்தேன். வந்தவுடன் வெக்கை என்று ஸ்வெட்டரைக் கழற்றிக் கதிரையில் போட்டிருந்தான். அதை எடுத்தான். என்னைப் பாராமல் மெதுவாகப் போட்டுக்கொண்டான்.

"ஓமம்மா" என்றான். "இன்னும் சரியான குளிர்தான்."